சம்பாவுக்கு மூணாவது தடவை யூரியா தேவையா?

மன்னார்குடி_விவசாயி: பொன்னி நட்டு நாப்பது நாள் ஆகுது, ரெண்டு தடவை யூரியா போட்டாச்சு, பக்கத்து வயல் கரும்பச்சையா நிக்குதேன்னு அப்பா இன்னொரு மூட்டை போடச் சொல்றாரு. வேணுமா? கொல்லைல இருக்கற போர் தண்ணியதான் குடிக்கிறோம், அதான் பயமா இருக்கு

பச்சைவயல்: போடாதீங்க. கரும்பச்சைனா புகையான் பூச்சிக்கும் குலை நோய்க்கும் விருந்து, பொன்னி வேற சாயுற ரகம். இலை வண்ண அட்டை (வெளிர் பச்சைல இருந்து கரும்பச்சை வரை நம்பர் போட்ட பட்டைங்க இருக்கும்) வாங்கி, காலைல மேல முழுசா விரிஞ்ச இலைய அட்டைல வச்சு, வெயில் படாம உங்க நிழல்லயே பாருங்க. பத்து இலைல ஆறு, 3ம் நம்பருக்குக் கீழ வெளுத்திருந்தாதான் தழைச்சத்து (யூரியால இருக்கற நைட்ரஜன்) வேணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகத்துக்கு 4

ஆத்தங்கரை: 45 கிலோ மூட்டைல கிட்டத்தட்ட 21 கிலோ தழைச்சத்துங்க, பயிர் எடுத்தது போக மிச்சம் அமோனியாவா காத்துல போகும், நைட்ரேட்டா கீழ நிலத்தடித் தண்ணிக்கு இறங்கும், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடா மேல போகும், அது கரியமில வாயுவ விட 270 மடங்கு சூடேத்துற சமாச்சாரம். குடிதண்ணில நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது, கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்குறதா இருந்தா கட்டாயம் டெஸ்ட் பண்ணுங்க, காய்ச்சுனாலும் நைட்ரேட் போகாது

பச்சைவயல்: அப்படியே போடுறதா இருந்தாலும் தண்ணிய வடிச்சுட்டு போடுங்க. 5 பங்கு யூரியாவுக்கு 4 ஜிப்சம், 1 வேப்பம் புண்ணாக்கு, ராத்திரியே கலந்து வச்சு காலைல தூவுங்க

மன்னார்குடி_விவசாயி: நன்றிங்க, அட்டை எங்க கிடைக்கும்?

ஆத்தங்கரை: வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க, நீடாமங்கலம் உங்களுக்குப் பக்கம்தான்