ராஃபிள்ஸ் பிளேஸ் சாலட் கடையில என்னோட புரட்டாசி

2024 புரட்டாசில நடந்தது இது. எங்க வீட்ல புரட்டாசி மாசம் முழுக்க சைவம்தான், முட்டை கூட சேர்க்க மாட்டோம். ஊர்ல இருந்த வரைக்கும் அது எனக்கு ஒரு கஷ்டமாவே தெரிஞ்சதில்ல, அம்மா சமைப்பாங்க நாங்க சாப்பிடுவோம். சிங்கப்பூர் வந்து ராஃபிள்ஸ் பிளேஸ்ல வேலைக்கு சேந்தப்புறம் மத்தியான சாப்பாடுதான் ஒவ்வொரு நாளும் யோசிக்கற விஷயமா ஆயிடுச்சு. வழக்கமா அமோய் ஸ்ட்ரீட் பக்கமோ லாவ் பா சாட்டுக்கோ நடந்து போயி தோசையோ சைவ பீஹூனோ (மெல்லிசான அரிசி நூடுல்ஸ்) சாப்பிட்டுட்டு வந்துடுவேன். ஆனா அந்த வருஷம் மெடிக்கல் செக்கப்புல எச்பிஏ1சி (மூணு மாசத்து சராசரி ரத்த சக்கரை அளவு) 6.2ன்னு வந்துச்சு, இங்க 6.1லேந்து 6.9க்குள்ள வந்தா இன்னொரு ரத்த டெஸ்ட் எடுக்க சொல்லுவாங்க, எடுத்தேன், சக்கரை இன்னும் வரல ஆனா ரொம்ப பக்கத்துல இருக்கு, அரிசி நூடுல்ஸ கொறச்சுக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அப்பா நாப்பத்தஞ்சு வயசுலேந்து மாத்திரை போடறவர், அதனால எனக்கு உண்மையிலயே பயம் வந்துடுச்சு.

அப்பதான் ஆபீஸ் கீழயே இருக்கற சாலட் கடைக்கு போலாம்னு முடிவு பண்ணேன். அது வரைக்கும் கண்ணாடி வழியா பாத்ததோட சரி. ஒரு போல், அதாவது ஒரு கிண்ணம், 15 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல, ஹாக்கர் சென்டர்ல, மலிவான சாப்பாட்டுக் கடைங்க இருக்கற கூடத்துல, அந்தக் காசுல மூணு வேளை சாப்பிடலாம், அதான் உள்ள காலே வச்சதில்ல.

பன்னெண்டு மணிக்கு போனா வரிசை கதவு தாண்டி வெளிய நிக்குது. மேசையெல்லாம் டிஷ்யூ பாக்கெட் வச்சு சோப் பண்ணி, அதாவது இடம் பிடிச்சு, வச்சிருக்காங்க. கவுன்ட்டர் முழுக்க கண்ணாடி, உள்ள சின்ன சின்ன எஃகு டப்பாவுல இருவது முப்பது வகை. முதல்ல அடியில என்ன வேணும்னு கேப்பாங்க, ரோமெய்ன் லெட்யூஸா, கீரையா, கேல் இலையா, இல்ல பிரவுன் ரைஸ், கீன்வா (சின்னதா தானியம் மாதிரி ஒரு விதை), சோபா நூடுல்ஸா. அப்புறம் மேல போட அஞ்சோ ஆறோ காய், அப்புறம் புரோட்டீன், அப்புறம் டிரெஸ்ஸிங், கடைசியா நறுக்கித் தரவா அப்படியே தரவான்னு ஒரு கேள்வி. எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேப்பாங்க, பின்னாடி பத்து பேர் கடிகாரத்த பாத்துக்கிட்டு நிப்பாங்க, எனக்கு கை காலெல்லாம் பதறிடுச்சு. வெஜிடேரியன்னு மட்டும் சொன்னேன். அந்தப் பையன் தலையாட்டிட்டு வேகமா போட்டான், கண்ணுல பட்டதெல்லாம் கை காட்டினேன், வெள்ளரி, தக்காளி, கேரட், காளான், சோளம், கொஞ்சம் வறுத்த ரொட்டித் துண்டு. டிரெஸ்ஸிங் எதுன்னு கேட்டான், எனக்கு தெரிஞ்ச ஒரே பேரு சீசர், அதையே சொல்லிட்டேன். ரெண்டு பக்கமும் பிடி வச்ச வளைஞ்ச கத்தி ஒண்ணு இருக்கு, அத வச்சு டக டகன்னு ஆட்டி ஆட்டி நறுக்கி, கலந்து குடுத்துட்டான்.

ருசி நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா மூணு மணிக்கெல்லாம் வயிறு காந்துது. கீழ போயி கோப்பியும் வெண்ணெய் சக்கரை தடவின டோஸ்ட்டும் சாப்பிட்டேன், எந்த சக்கரைக்கு பயந்து சாலட் வாங்கினனோ அதே சக்கரை திரும்ப உள்ள போயிடுச்சு. யோசிச்சுப் பாத்தா அந்த கிண்ணத்துல புரோட்டீன்னு ஒண்ணுமே இல்ல, தண்ணிக் காயும் ரொட்டியும் எண்ணெயும்தான்.

அத விட பெரிய அடி சாயந்தரம். கூட வேலை பாக்கற ஒருத்தங்க கிட்ட பேச்சுவாக்குல சொன்னேன், அவங்க, சீசர்ல மீன் இருக்குமே, நீ விரதமாச்சேன்னாங்க. எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. கடையோட அலர்ஜி பட்டியல எடுத்துப் பாத்தா சீசருக்கு நேரா மீன், முட்டை, பால் மூணும் போட்டிருக்கு. நெத்திலிதான், இங்க நாம இக்கான் பிலிஸ்னு சொல்ற அதே குடும்பம், உப்புல ஊற வச்சு அரைச்சு சேர்க்கறாங்க. மேல தூவற பார்மிசான் சீஸும் பழைய முறைப்படி செஞ்சா கன்னுக்குட்டி வயித்துலேந்து எடுக்கற ரென்னெட் போட்டுதான் பால திரிய வைப்பாங்களாம். வெஜிடேரியன்னு வாய் விட்டு சொல்லியும் ஒரு வார்த்தை சொல்லலையேன்னு அந்தப் பையன் மேல கோவம் வந்துச்சு, நானும் கேக்கலையேன்னு என் மேலயும் வந்துச்சு. ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் பண்ணி அழுதே விட்டேன். "தெரியாம பண்ணதுக்கு பெருமாள் என்னடி செய்யப் போறாரு, நாளைக்கு கேட்டு வாங்கி சாப்பிடு"ன்னாங்க.

அதனால மறுநாளும் அதே கடைக்கே போனேன், ஆனா ஒண்ணே முக்காலுக்கு, கூட்டம் வடிஞ்சப்புறம். கவுன்ட்டர்ல ஒரு ஆன்ட்டி, அறுவது வயசு இருக்கும், மலேசியாவுல இருக்கற ஜொகூர்லேந்து தினம் விடியக்காலைல பஸ் ஏறி எல்லை தாண்டி வர்றவங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது. நேத்து நடந்தத மெதுவா சொன்னேன், சண்டை போடல. அவங்க முகம் மாறிடுச்சு, "ஐயோ கேர்ள், சாரி ஆ"ன்னு சொல்லிட்டு உள்ள போயி ஒரு ஃபைல கொண்டு வந்து என் முன்னாடி விரிச்சு வச்சாங்க. ஒவ்வொரு டிரெஸ்ஸிங்லயும் என்ன சேருதுன்னு அதுல இருந்துச்சு. விரல வச்சு ரெண்டு பேரும் படிச்சோம். சீசர் வேணாம். மிசோ டிரெஸ்ஸிங்ல தாஷி இருக்கு, அது காய வச்ச மீன்ல எடுக்கற சாறு, வேணாம். வறுத்த எள்ளு டிரெஸ்ஸிங் பாக்க சைவம் மாதிரி இருக்கும், அதுல முட்டை மஞ்சக்கரு. மிஞ்சினது எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும், அப்புறம் பால்சாமிக் (திராட்சைச் சாறுல செய்ற வினிகர்). அதுல பால்சாமிக் இனிப்பு, அதனால எலுமிச்சைய எடுத்துக்கிட்டேன்.

டிரெஸ்ஸிங்க தனியா ஒரு சின்ன கப்புல வாங்கிக்கோன்னு சொல்லிக் குடுத்ததும் அவங்கதான். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்னாலே 120 கலோரி, கலந்து குடுத்தா எவ்வளவு போச்சுன்னு நமக்கு தெரியவே தெரியாது. அப்புறம் நானே வீட்ல உக்காந்து கணக்கு போட்டு ஒரு போல் முடிவு பண்ணேன்: அடியில ரோமெய்ன், கீன்வா கால் பங்கு மட்டும், மேல கொண்டைக்கடலை ரெண்டு கரண்டி, எடமாமே (பச்சை சோயா), டோஃபு, சுட்ட பூசணி, பீட்ரூட். வெந்த கொண்டைக்கடலை 100 கிராம்ல ஏறக்குறைய 9 கிராம் புரோட்டீன் இருக்கு, அதே எடை வெந்த கீன்வால 4 கிராம் சொச்சம்தான், பேரு பெருசா இருக்கேன்னு கீன்வாவ நம்பிடாதீங்க. இத சாப்பிட்ட நாள்ல ஆறு மணி வரைக்கும் பசி எடுக்கல. காசு தாங்காதுன்னு வாரம் ரெண்டு நாள்தான் போனேன், மத்த நாள் வீட்லேந்து டப்பா.

ஒரு விஷயம் இங்க சொல்லியாகணும். ஆபீஸ்ல ஒரு பெரியவர் சொன்னாரு, ஆபீஸ் பக்கத்துல இருக்கற மார்க்கெட் ஸ்ட்ரீட்டத்தான் நம்ம ஜனங்க முந்தி செட்டித் தெருன்னு சொல்லுவாங்களாம், நகரத்தாரோட கிட்டங்கிங்க, அதாவது வட்டிக் கடைங்க, வரிசையா இருந்த இடம், பெட்டகத்த முன்னாடி வச்சு தரையில உக்காந்து வட்டிக் கணக்கு எழுதுவாங்களாம். இப்ப எல்லாம் கண்ணாடிக் கட்டடம், ஒரு சுவடு இல்ல. ஆனா அத கேட்டதுலேந்து அந்தத் தெருவுல டப்பாவோட நடக்கும்போது எனக்கு இது அந்நிய இடமா தோணல.

ஆன்ட்டி கிட்ட பழகப் பழக ஒரு நாள் அவங்களே கேட்டாங்க, வெங்காயம் பூண்டு சாப்பிடுவியான்னு. சாப்பிடுவேன் ஆன்ட்டி, ஏன்னு கேட்டேன். அவங்களும் சைவமாம்! எப்பவும் இல்ல, சீன மாசத்துல ஒண்ணாம் தேதியும் பதினஞ்சாம் தேதியும், அது போக ஒன்பதாம் மாசம் முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் தெய்வத்துக்கு விரதம், கோயிலுக்கு வெள்ளை உடுத்திக்கிட்டு போவாங்க. அந்த வருஷம் அது எப்ப ஆரம்பிக்குதுன்னு கேட்டா அக்டோபர் 3. எனக்கு சிலிர்த்துப் போச்சு, ஏன்னா நம்ம நவராத்திரியும் அந்த வருஷம் அதே அக்டோபர் 3 வியாழக்கிழமைதான் ஆரம்பிச்சுது. அவங்களுக்கும் ஒன்பது நாள், நமக்கும் ஒன்பது ராத்திரி.

வீட்ல சின்னதா மூணு படி கொலு வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை கொண்டைக்கடலை சுண்டல், ஆன்ட்டிக்கு ஒரு டப்பா கொண்டு போகணும்னு ஆசை. ஆனா சீசர் ஞாபகம் வந்துடுச்சு. வெங்காயம் பூண்டு நம்ம சுண்டல்ல எப்பவும் கிடையாது, அது போதுமான்னு தேடிப் படிச்சேன். சீன சைவத்துல ஒதுக்க வேண்டியது அஞ்சு, பூண்டு, வெங்காயம், லீக்ஸ், சைனீஸ் சைவ்ஸ் இதெல்லாம் வெங்காய இனம், எதிர்பாத்ததுதான், அஞ்சாவதா இருந்தது பெருங்காயம்! பழைய பௌத்த நூல் வழியா வந்த பட்டியலாம். நான் கைய கட்டிப் போட்டாலும் பெருங்காயம் இல்லாம தாளிக்க மாட்டேன். அன்னிக்கு அது இல்லாமலே தாளிச்சேன், மொத்த சுண்டலையும், அம்பாளுக்கு படைச்சதையும் சேத்து.

மூணு மணிக்கு அவங்க ஷிஃப்ட் முடிஞ்சு ஏப்ரன கழட்டிட்டு வெளிய வந்தாங்க. டப்பாவ நீட்டினேன். தெறந்து மோந்து பாத்துட்டு, இதுல என்னல்லாம் இருக்கு கேர்ள்னு கேட்டாங்க. கொண்டைக்கடலை, தேங்கா, காஞ்ச மிளகா, கடுகு, கருவேப்பில, தேங்கா எண்ணெய், உப்பு, அவ்வளவுதான் ஆன்ட்டின்னு ஒண்ணொண்ணா விரல் விட்டு சொன்னேன். பையிலேந்து ஸ்பூன எடுத்து அங்கயே படிக்கட்டுல உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சாங்க.