வாங்கும்போது ஒரு விலை, விற்கும்போது ஒரு விலை: தொழிற்பொருள் ஏற்றுமதி வேலையில் உங்களால் மறக்க முடியாத நாள் எது?

முதுநகர்_கணக்கு:

2018. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் கணக்கு பார்த்தேன். நம் மாவட்டக் கொட்டை எந்தக் கம்பெனிக்கும் வருஷம் முழுக்கப் பத்தாது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தாக வேண்டும், இது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வருஷத் தொடக்கத்தில் ஐவரி கோஸ்ட் கொட்டையை டன் 2,000 டாலருக்குப் பேசி முடித்தோம். அப்போது டபிள்யூ 320 என்ற தரத்து முழுப் பருப்பு பவுண்டு 5 டாலரை ஒட்டி நின்றது. சரக்கு தூத்துக்குடியில் இறங்கி எங்கள் குடோனுக்கு வந்தபோது 4 டாலருக்கே வாங்க ஆள் தயங்கினார்கள்.

கட்டிங் போட்டுப் பார்த்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு கிலோ எடுத்து, ஒவ்வொரு கொட்டையாகக் குறுக்கே வெட்டி, நல்லது, சுருங்கல், சொத்தை என்று தட்டில் பிரித்து எடை போட்டோம். 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு வந்தது. அருமையான சரக்கு. கணக்குப் போட்டேன்: மூட்டை 160 டாலர், 48-ஆல் வகுத்தால் பவுண்டுக்கு 3 டாலர் 33 சென்ட், கொட்டைக்கு மட்டும். வேகவைப்பு, உடைப்பு, தோல் உரிப்பு, வட்டி, கன்டெய்னர் எல்லாம் அதன் மேல். அதிலும் எல்லாப் பருப்பும் முழுசாக வராது. உடைசலும் பாதிப் பருப்பும் போகும் விலை வேறு.

அந்த வாரமே ஆறு நாள் வேலை மூன்று நாளானது. தானியங்கி உடைப்பு மெஷினுக்கு முதலாளி கொடுத்திருந்த அட்வான்ஸையும் திரும்பக் கேட்டுவிட்டார். சம்பளக் கவரை வாங்கும்போது உடைப்புப் பகுதி அக்கா ஒருவர் கேட்டார்: “கொட்டை சொத்தையா சார்?”

“இல்லக்கா, நல்ல கொட்டை.”

“அப்புறம் ஏன் சார் வேலை இல்லை?”

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

மேட்டுப்பாளையம்_ரெடிமேட்:

புதுச்சேரி மேட்டுப்பாளையம். குழந்தைகள் இரவு உடை, ஜெர்மனிக்கு. 2010 அக்டோபரில் ஆர்டர் வாங்கினோம், மார்ச்சில் அனுப்ப வேண்டும், விலை முன்கூட்டியே முடிவானது. அதற்குள் பஞ்சு எங்கேயோ போய்விட்டது. 356 கிலோ கண்டி 2011 மார்ச்சில் 60,000 ரூபாயைத் தாண்டியது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் அதில் பாதிகூட இல்லை. நியூயார்க்கில் பவுண்டு 2 டாலருக்கு மேல்.

எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. நூல் வியாபாரி விலை எழுதிக் கொடுப்பார், வழக்கமாக ஒரு வாரம் செல்லும். அன்று விலைக்குக் கீழே பேனாவால் “மாலை 5 மணி வரை” என்று எழுதிக் கையில் கொடுத்தார். மணி மூன்றரை. முதலாளி வெளியூரில், போன் எடுக்கவில்லை. நான் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவர் கடை வாசலிலேயே நின்றேன். நாலே முக்காலுக்கு நானே சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த சில மாதத்தில் பஞ்சு இறங்கிவிட்டது, வருஷக் கடைசிக்குள் நியூயார்க்கில் 1 டாலர் பக்கம். அதே பையர் அடுத்த ஆர்டருக்கு “இப்போது நூல் மலிவுதானே” என்று விலையைக் குறைத்துக் கேட்டார். எங்கள் குடோனில் கிடந்ததோ ஏறின விலை நூல்.

அதற்குப் பிறகு எங்கள் முதலாளி 60 நாளுக்கு மேல் போகிற ஆர்டரைத் தொடவே இல்லை. பெரிய ஆர்டர் எல்லாம் நீண்ட ஆர்டர்தான். அவை வேறு நாட்டுக்குப் போயின. எங்களிடம் தையல் மெஷின் எண்ணிக்கை அன்று இருந்ததேதான்.

கடலூர்_பொருளியல்:

முதுநகர் நண்பர் வருத்தப்படக் கூடாது, ஆனால் முந்திரியைத் தொழிற்பொருள் ஏற்றுமதியில் சேர்ப்பது சரியல்ல. பன்னாட்டு வணிக வகைப்பாட்டில் அது உணவுப் பிரிவு. மேட்டுப்பாளையத்துக்காரர் தைத்த உடைதான் தொழிற்பொருள். இதைக் குழப்பினால் பேச்சு எங்கேயோ போய்விடும்.

என் அனுபவம் சின்னதுதான். 2016-இல் வகுப்பில் வாணிப வீதம் நடத்தினேன். ஏற்றுமதி விலைக் குறியீட்டை இறக்குமதி விலைக் குறியீட்டால் வகுத்து நூறால் பெருக்குவது. நாம் இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெய் பீப்பாய் 2014 ஜூனில் 110 டாலருக்கு மேல், 2016 ஜனவரியில் 30-க்குக் கீழ், ஆகவே வீதம் நமக்குச் சாதகம் என்றேன். கடைசி பெஞ்சு மாணவி எழுந்து, “அப்போ ஏற்றுமதி கூடியிருக்கணுமே சார்?” என்றார். கரும்பலகையில் எழுதினேன்: 2014-15-இல் சுமார் 31,000 கோடி டாலர், 2015-16-இல் சுமார் 26,200 கோடி. வகுப்பே அமைதியாகிவிட்டது.

காரணம் உண்டு. எண்ணெய் விற்றுப் பிழைக்கும் நாடுகள் கையைச் சுருக்கின. உலகச் சந்தையே மந்தம். நாம் சுத்திகரித்து விற்கும் பெட்ரோல், டீசலின் மதிப்பும் சரிந்தது. வீதம் நல்ல பக்கம் திரும்பினாலும் அது குலுங்கித் திரும்பினால் தொழிற்சாலைக்காரன் கணக்குப் போட முடியாது. 1950-இல் பிரெபிஷ், சிங்கர் என்ற பொருளியலாளர்கள் மூலப்பொருள் விற்கும் நாடுகளின் வீதம் நீண்ட காலத்தில் சரியும் என்று எச்சரித்தார்கள். 1870 முதல் 1939 வரை 35 நாடுகளை அலசிய பிந்தைய ஆய்வு ஒன்றோ, மூலப்பொருளை நம்பிய நாடுகளின் வளர்ச்சியை மெல்லச் சரிந்த வீதத்தைவிடத் தாறுமாறாக ஆடிய வீதம்தான் அதிகம் கெடுத்தது, வெளி முதலீடும் அதனால் குறைந்தது என்கிறது. ஐவரி கோஸ்டைப் பாருங்கள். விளையும் முந்திரி மலையளவு, பெரும்பகுதி இன்றும் கொட்டையாகவே கப்பலேறுகிறது. 2018-இல் தான்சானியாவில் ஏலவிலை கட்டுப்படியாகாமல் விவசாயிகள் விற்க மறுக்க, அரசே கிலோ 3,300 ஷில்லிங்குக்கு வாங்க ராணுவத்தை இறக்கியது. இப்படி ஆடுகிற விலையை நம்பி அங்கே யார் உடைப்பு ஆலை கட்டுவார்?

மில்_வீட்டுப்_பிள்ளை:

ஐயா, உணவா தொழிற்பொருளா என்று பிரித்தால் அந்த அக்காவுக்கு என்ன பதில்? தொழிற்பொருளும் இதே ஆட்டத்தை ஆடியிருக்கிறது, இதே ஊரில். என் அப்பா புதுச்சேரி முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி. நீலம் தோய்த்த ‘கினே’ துணியைப் பற்றி அவருக்கு அவர் அப்பா சொன்னது. புதுச்சேரியிலிருந்து கப்பலில் பிரான்ஸ் வழியாக செனகலுக்குப் போகும், அங்கே அதைக் கொடுத்து வேலம்பிசின் வாங்குவார்கள், துணியே காசு மாதிரி. 1830-களின் கடைசியில் துணி அங்கே அளவுக்கு மீறிக் குவிந்து, ஒரு துண்டுக்குக் கிடைத்த பிசின் குறைந்துபோய், அங்கிருந்த வியாபாரிகள் கடனில் மூழ்கினார்கள். இங்கே தறியில் உட்கார்ந்தவனுக்கு செனகல் எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திருக்காது. அப்பா சைக்கிளில் மில் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஓய்வு_பேங்க்:

எல்லாரும் பார்வர்டு போட்டிருக்க வேண்டும், அதாவது பின்னால் வரப்போகும் டாலருக்கு இன்றே பேங்கில் விலை பேசிப் பூட்டியிருக்க வேண்டும். 2013 மே கடைசியில் வில்லியனூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் 57 ரூபாய்க்கு டாலரைப் பூட்டினார். ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. கவுன்டருக்கு வந்து, “டாலருக்குப் 11 ரூபாய் போச்சு சார்” என்று கண் கலங்கினார். போகவில்லை தம்பி, 57-க்குக் கணக்குப் போட்டுத்தானே விலை சொன்னீர்கள் என்றேன். அவர் அதன் பிறகு பார்வர்டே போடவில்லை.

ஆகவே என் யோசனை: முழு ஆர்டரையும் பூட்ட வேண்டாம், பாதியைப் பூட்டுங்கள். இறக்குமதிச் செலவும் டாலரில் இருந்தால் ஏற்றுமதி வரவோடு நேர் செய்துகொள்ளுங்கள், மிச்சத்துக்கு மட்டும் பார்வர்டு. சரக்கு அனுப்பும் முன் பேங்க் தரும் கடனான பேக்கிங் கிரெடிட்டை டாலரிலேயே எடுத்தால் கடனும் வரவும் ஒரே நாணயத்தில் நிற்கும். பையர் பணம் தராமல் போனால் தாங்க, அரசின் ஏற்றுமதிக் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசியில் பாலிசி எடுங்கள். நூல் விலை குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் ஏறினால் விலையைத் திரும்பப் பேசலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். பத்தில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டாலும் லாபம்.

மேட்டுப்பாளையம்_ரெடிமேட்:

அந்த வரியைக் கேட்டோம் சார். பையர் மெயிலுக்குப் பதிலே போடவில்லை.

முதுநகர்_கணக்கு:

பேங்க் சாருக்கு நன்றி. ஆனால் டாலரைப் பூட்டலாம், பருப்பு விலையை எங்கே பூட்டுவது? பஞ்சுக்கு இருப்பது போல் பருப்புக்கு எதிர்காலச் சந்தை இல்லை. எங்கள் 2018 நஷ்டத்தில் ரூபாய் ஒரு பைசாகூடக் காரணமில்லை, அந்த வருஷம் ரூபாய் சரிந்தது எங்களுக்குக் கைகொடுக்கத்தான் செய்தது. பொருளியல் ஐயா, வகைப்பாடு நீங்கள் சொல்வதுதான் சரி, ஏற்கிறேன்.

போன மாதம் பழைய கம்பெனிக்கு ஒரு கையெழுத்துக்காகப் போனேன். மெஷினுக்காகப் போட்ட கான்கிரீட் மேடை அப்படியே இருக்கிறது, நாலு மூலையிலும் போல்ட் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு. குத்திவிடக் கூடாது என்று அந்த அக்கா ஒவ்வொரு போல்ட்டிலும் பழைய துணியைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார். மதியம் அதன் மேல்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.