பாட நோட்ஸை என்விடிஏ "ஜே கே பி ஓ" என்று படிக்கிறது. கோளாறு லேப்டாப்பிலா?

கேட்டவர்: மணல்மேடு

வணக்கம். பி.ஏ. தமிழ் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை பெரிய எழுத்தாக இருந்தால் படித்துவிடுவேன். ரெடினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. பிரெயில் கற்றுக்கொள்ளவில்லை. லேப்டாப்பில் என்விடிஏ (திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்) போட்டு ஆறு மாதம் ஆகிறது.

துறை வாட்ஸ்அப் குழுவில் நோட்ஸ் பிடிஎஃப்பாக வரும். முதல் யூனிட்டைத் திறந்தால், பல்வலிக்காரர் ஆங்கிலம் படிக்கிற மாதிரி ஏதோ சத்தம். அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தால் "ஜே, கே, பி, ஓ, செமி" என்கிறது. ரூம்மேட்டிடம் காட்டினேன். "அழகா ‘தமிழ்’னுதானே இருக்கு" என்றாள். இரண்டாவது யூனிட்டுக்கு மூச்சே விடவில்லை. மூன்றாவது மட்டும் ஒழுங்காகத் தமிழில் படிக்கிறது.

சர்வீஸ் கடையில் விண்டோஸை மாற்றிப் போட்டு 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அப்புறமும் அதே ஜே கே பி ஓ. ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பான் வாங்கினால் சரியாகும் என்கிறான் வகுப்பில் ஒருவன். புத்தகத்தை ஸ்கேன் எடுக்கலாம் என்று நூலகத்தில் கேட்டால் "காப்பிரைட், கூடாது" என்கிறார்கள். நவம்பரில் செமஸ்டர். என்ன செய்யட்டும்?

பதில்: அச்சுக்கூடம்

22 வருடமாக டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுக்குத் தட்டச்சு) வேலை செய்கிறேன், அதனால் இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. உங்கள் முதல் யூனிட் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் ஆங்கில ‘ஜே’ இருக்கும் இடத்தில் ‘த’ படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம். ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று வரும். உங்கள் என்விடிஏ உள்ளதை உள்ளபடி படித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிடிஎஃப்பில் எல்லாவற்றையும் காப்பி செய்து என்ஹெச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (கம்ப்யூட்டரும் தமிழாகவே புரிந்துகொள்ளும் எழுத்துமுறை) மாற்றுங்கள். நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்கள் மட்டும் கண்றாவியாகிவிடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதில்: வெள்ளைக்கோல் வாத்தியார்

தங்கச்சி, நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன். கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். முதலில் ஜாஸை மறந்துவிடு. ஜே கே பி ஓ-வை அதுவும் அப்படித்தான் படிக்கும், காசு வாங்கிக்கொண்டு படிக்கும். என்விடிஏ இலவசம். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-இல் எழுதத் தொடங்கியது அது. நமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆள்.

பேசாத பிடிஎஃப் வெறும் போட்டோ. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திற. எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். ‘ர’வும் துணைக்காலும் அடிக்கடி குழம்பும், போகப் போகக் காது பழகிவிடும். பத்துப் பத்துப் பக்கமாக வெட்டி ஏற்று.

நூலகத்தில் சொன்னது தவறு. காப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த பிரிவு 52(1)(இசட்பி)-ஐப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போ. மாற்றுத்திறனாளி படிப்பதற்காக ஒரு நூலை அணுகத்தக்க வடிவில் மாற்ற யாருக்கும் அது அனுமதி தருகிறது. சண்டை போடாதே, தாளை மேசையில் வைத்துவிட்டு நில். நான் படித்த காலத்தில் இந்தப் பிரிவே கிடையாது. நண்பர்கள் வாசித்து கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள், பின்னணியில் மெஸ் மணி அடிக்கும்.

இன்னொன்று, யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ தமிழ் மாணவி. காதால் மட்டும் படித்தால் எழுத்து கைவிட்டுப் போகும். ‘அந்நாள்’, ‘அன்னாள்’ இரண்டும் என்விடிஏவோடு வரும் இ-ஸ்பீக் குரலில் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது. விண்டோஸில் வரும் ‘வள்ளுவர்’ குரல் கொஞ்சம் மனிதக் குரல், ஆனால் அவரும் இதில் கைவிரித்துவிடுவார். சந்தேகம் வந்த சொல்லில் நின்று அம்புக்குறியால் எழுத்தெழுத்தாகக் கேள். பிரெயிலும் தொடங்கு, இந்த வயதிலும் வரும்.

தேர்வுக்கு ஸ்கிரைப் (நாம் சொல்லச் சொல்ல எழுதுபவர்) என்றால், மத்திய அரசின் வழிகாட்டு விதிப்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் நகலோடு இப்போதே கடிதம் கொடு. தமிழ் வழியில் படித்தவர் வேண்டும் என்றும் எழுது. எனக்கு எம்.ஏ.வில் வந்த பையன் ‘அறம்’ என்று சொன்னதையெல்லாம் ‘அரம்’ என்று எழுதிவைத்தான். விடைத்தாள் முழுக்கத் தச்சுப்பட்டறை. அதன்பிறகு "வல்லின ற", "மூன்று சுழி ண" என்று சொல்லிச் சொல்லித்தான் எழுத வைப்பேன். சுழி எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அது வேறு விஷயம்.

மணல்மேடு

சார், அண்ணா, இருவருக்கும் நன்றி. முதல் யூனிட் மாறிவிட்டது! ஆனால் ‘கொ’, ‘போ’ வருகிற சில இடங்களில் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கிறது. நூலகத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன். நோட்ஸ் அடித்த மேடத்திடம் யூனிகோடில் அடிக்கச் சொல்லலாமா? தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயம்.

அச்சுக்கூடம்

பாமினியில் கொம்பை முதலில் தட்டி, அப்புறம்தான் எழுத்தைத் தட்டுவோம். நடுவில் ஸ்பேஸ் விழுந்திருந்தால் கன்வர்ட்டர் சேர்க்காது. ஃபைலை அனுப்பு, சுத்தம் செய்து தருகிறேன்.

வெள்ளைக்கோல் வாத்தியார்

மேடத்திடம் ஒன்றும் சொல்லாதே. லேப்டாப்பைத் துறைக்கு எடுத்துப் போய், அவருடைய முதல் பக்கத்தை அவர் காதுபடவே ஓடவிடு.