கியூப் உடைந்தது 19-இல், ரிப்போர்ட்டில் 27: சாமியை இழுக்காமல் ஒரு காரணம் சொல்லுங்கள்

சைட்பையன்:
கோவைப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் சைட்டில் க்யூசி (தரக் கட்டுப்பாடு) இன்ஜினியராக இருக்கிறேன். இரண்டாவது மாடி காலம்களுக்கு (தூண்களுக்கு) போட்ட காங்கிரீட் எம்25, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் பலம் வர வேண்டிய கிரேடு. அதே காங்கிரீட்டில் ஊற்றி, 28 நாள் கழித்து அழுத்தி உடைத்துப் பார்க்கிற கியூப் மூன்றும் 19-ஐ ஒட்டியே உடைந்துவிட்டன. மேனேஜர் சொல்கிறார்: "சிமென்ட் தூக்கலாப் போட்டு வேற கியூப் ஊத்தி வெச்சிருக்கோம். அது 27 காட்டும். அதை லேபுக்கு அனுப்பிட்டு கையெழுத்துப் போடு. டிசைன்ல சேஃப்டி ஃபேக்டர் ஒன்றரை இருக்கு, பில்டிங் எங்கயும் போகாது."

அம்மாவிடம் சொன்னால் "மேல ஒருத்தன் பார்த்துட்டு இருக்கான்" என்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. பாவம், கர்மா எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, இதை ஏன் செய்யக்கூடாது என்று சொல்லுங்கள். 19 இருந்தாலும் கட்டடம் அநேகமாக நிற்கும் என்று எனக்கே தெரிகிறது, அதனால்தான் குழப்பம்.

ரெடிமிக்ஸ்_ராசா:
தம்பி, நீ போடலைன்னா நாளைக்கு வேற ஒருத்தன் போடுவான். கட்டடம் அதே கட்டடம்தான். வேலை போனதுதான் உனக்கு மிச்சம்.

பழைய_லேப்காரன்:
கியூப் உடைக்கிற மெஷின் பக்கத்திலேயே பாதி வாழ்க்கை போனவன் நான். சாமி நம்பிக்கை எனக்கும் இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். காங்கிரீட் 19 வந்தது ஒரு விஷயம், 27 என்று எழுதுவது வேறு விஷயம். 19 வந்ததால் யாரும் கெட்டவர் ஆகிவிடவில்லை. காங்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456 அதற்கு வழி வைத்திருக்கிறது: குறைந்தது மூன்று கோர் (கட்டிய காங்கிரீட்டைத் துளைத்து எடுக்கிற உருளைத் துண்டு) எடுக்க வேண்டும்; அவற்றின் சராசரி, அந்த கிரேடுக்கு உரிய பலத்தில் 85 சதவீதமாவது வர வேண்டும்; எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தேறினால் ஏற்றுக்கொள்ளலாம். தேறாவிட்டால் ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்ட் மறுபடி கணக்குப் போட்டு, தேவையான காலம்களுக்கு ஜாக்கெட்டிங் (தூணைச் சுற்றி இன்னொரு அடுக்கு போட்டுப் பலப்படுத்துவது) சொல்வார். உங்கள் ரிப்போர்ட்டில் 27 என்று இருந்தால் இதில் ஒன்றுமே நடக்காது. டிசைன் செய்தவருக்கு சைட்டில் இருக்கிற கண் உங்கள் ரிப்போர்ட்தான்.

அடுத்து, அந்த ஒன்றரை. அது யாருடையது? கியூரிங் சரியாக இல்லாதது, வைப்ரேட்டர் போகாத மூலை, நாளைக்கு மொட்டை மாடியில் எவனாவது வைக்கப் போகிற கூடுதல் தண்ணீர்த் தொட்டி என்று நமக்குத் தெரியாமல் நடக்கிறவற்றுக்காக ஒதுக்கியது. உங்கள் மேனேஜர் தெரிந்த குறைக்கே அதை எடுத்துச் செலவழிக்கப் பார்க்கிறார். மேஸ்திரி, கம்பி வேலைக்காரர், பிளம்பர் எல்லோரும் அதே ஒன்றரையை நம்பி ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தால் என்ன மிஞ்சும்? 'எல்லோரும் இதையே செய்தால்?' என்று தத்துவவாதி காண்ட் கேட்டதை நான் சைட்டில்தான் புரிந்துகொண்டேன்.

'அநேகமாக நிற்கும்' என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த 'அநேகமாக'வின் மேல் படுத்துத் தூங்கப் போகிறவரை யாராவது கேட்டார்களா? வீடு வாங்குகிறவர் மட்டும் இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள்.

ராசா சொல்கிற 'வேற ஒருத்தன் போடுவான்' பழைய வாதம். தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973-இல் ஜார்ஜ் என்று ஒரு கெமிஸ்டைக் கற்பனை செய்தார். ரசாயன ஆயுத லேபில் வேலை. இவர் சேராவிட்டால் இன்னும் வேகமாக வேலை செய்கிற ஒருவர் சேர்ந்துவிடுவார். மொத்த விளைவை மட்டும் பார்த்தால் ஜார்ஜ் சேர வேண்டும். அப்படியானால் என் கை செய்வதற்கும் இன்னொருவர் கை செய்வதற்கும் வித்தியாசமே இல்லையா என்பது அவர் கேள்வி. உங்கள் விஷயத்தில் விளைவுக் கணக்கே ராசா பக்கம் நிற்கவில்லை. வேறு ஆள் கிடைக்கும்வரை மேலே ஸ்லாப் ஏறாது, கேள்வி எழும்.

குறையை மறைக்காமல் சொன்னவரும் உண்டு. நியூயார்க்கில் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம். 1977-இல் முடிந்தது. மறு வருடம் அதன் இன்ஜினியர் வில்லியம் லெமெஷூரியர், மூலையிலிருந்து அடிக்கிற காற்றுக்கு போல்ட் இணைப்புகள் போதாது என்று கண்டுபிடித்து, தானே போய்ச் சொன்னார். ராத்திரி ராத்திரியாக வெல்டிங் நடந்தது. இதை எல்லோரும் மெச்சுவார்கள். நான் பாதிதான் மெச்சுவேன். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, 1995-இல்தான் வெளியே வந்தது.

சைட்பையன்:
நன்றி சார். கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லாமல், "19 வந்திருக்கிறது, கோர் எடுக்கலாமா" என்று கன்சல்டன்டுக்கு மெயில் போட்டு மேனேஜரையும் காப்பியில் வைத்தேன். மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோர் எடுக்க கன்சல்டன்ட் ஒப்புக்கொண்டுவிட்டார். எந்த காலமில் எடுப்பது என்பதை கான்ட்ராக்டரே முடிவு செய்கிறேன் என்கிறார்.

பழைய_லேப்காரன்:
விடாதீர்கள். இடத்தை கன்சல்டன்ட் குறிக்கட்டும். அந்த 19 எந்த லோடு காங்கிரீட்டோ, அந்த லோடு போன காலம்களாக இருக்க வேண்டும். எந்த லோடு எங்கே ஊற்றியது என்று எழுதி வைக்கிற போர் (pour) ரெஜிஸ்டரில் தேதியோடு இருக்கும், இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். துளை போடும் முன் கவர் மீட்டர் வைத்துக் கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கோர் எடுக்கும்போது நீங்களும் நின்று, ஒவ்வொன்றிலும் மார்க்கரால் நம்பர் எழுதி, லேப் ஆள் கையில் நேராகக் கொடுங்கள்.