தண்ணீர் வடிந்த பிறகு

(குடும்ப அரட்டைக் குழுவில். மலர் பழம்பொருட்களைப் பாதுகாக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள்.)

சித்தப்பா: சீனாவின் லேஷான் புத்தர் சிலைப் படம் பார்த்தேன். 71 மீட்டர் உயரம். 2020 ஆகஸ்ட் வெள்ளத்தில் கால் விரல் வரை ஆறு வந்துவிட்டது, 1949க்குப் பிறகு அதுதான் முதல் முறை. மலர், கல்லைத் தண்ணீர் என்ன செய்துவிடும்? வடிந்தால் சரியாகிவிடாதா?

மலர்: இல்லை சித்தப்பா. வடிந்த பிறகுதான் எங்களுக்குப் பயமே. திரி எண்ணெயை இழுப்பது போலக் கல்லும் செங்கல்லும் தண்ணீரை மேலே இழுக்கும். கூடவே உப்பும் கரைந்து ஏறும். காயும்போது அந்த உப்பு படிகமாகிப் பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கும்.

மலர்: போன மாதம் ஒரு பழைய சுவரைப் பார்க்கப் போனோம். வெள்ளம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. சுவர் முழுக்க உப்புப் பூத்திருந்தது. விரல் நுனியால்தான் தொட்டேன், செங்கல் மாவு மாதிரி உதிர்ந்தது.

பெரியம்மா: அடக் கடவுளே. ஹீட்டர் வைத்துச் சட்டென்று காயவைக்கலாமே?

மலர்: அதுதான் கூடாது பெரியம்மா. வேகமாகக் காய்ந்தால் உப்பு வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும். மரமாக இருந்தால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். காற்றோட்டத்தில் மெதுவாகத்தான் காய வேண்டும்.

கதிர்: புத்தகமும் அப்படித்தானா அக்கா?

மலர்: அது வேறு கதை. இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். எல்லாவற்றையும் அதற்குள் காயவைக்க முடியாது என்றால் உறைய வைத்துவிடுவோம். 2002இல் செக் நாட்டின் பிராக் நகர வெள்ளத்தில் நனைந்த நூல்களை அப்படித்தான் காப்பாற்றினார்கள்.

சித்தப்பா: இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கூட ஏதோ பெரிய வெள்ளம் வந்ததே?

மலர்: 1966 நவம்பர் 4, ஆர்னோ ஆறு. வீடுகளைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெயும் சேற்றோடு கலந்து எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. சிமாபுவே என்ற பழைய ஓவியர் தீட்டிய மரச் சிலுவையில் பாதிக்கு மேல் வண்ணமே போய்விட்டது. வசாரி என்ற இன்னொரு ஓவியரின் ‘கடைசி இராவுணவு’ ஓவியம் மறுபடி சுவரில் ஏறியது 2016இல். ஒரு ராத்திரி வெள்ளம், 50 வருட வேலை.

பெரியம்மா: படிக்கவே மனசு கனக்கிறது.

கதிர்: அப்படியென்றால் முன்கூட்டியே தூக்கி வைப்பதுதான் ஒரே வழியா?

மலர்: தூக்க முடிந்ததற்கு அதுதான். 2016இல் பாரிஸில் சேன் ஆறு ஏறியபோது லூவர் அருங்காட்சியகத்தை மூடிவிட்டுக் கீழ்த்தளப் பொருட்களை மாடிக்கு ஏற்றினார்கள். அப்புறம் 2019இல் ஆற்றை விட்டு வெகுதூரத்தில், லியேவன் நகரில், தனிச் சேமிப்பகமே திறந்துவிட்டார்கள்.

சித்தப்பா: கோயிலை அப்படித் தூக்க முடியாதே, அம்மா.

மலர்: முடியாது சித்தப்பா. 2011இல் தாய்லாந்தின் அயுத்தயாவில் ஆற்றங்கரைக் கோயில்கள் தண்ணீரிலேயே நின்றன. அங்கெல்லாம் கரையைப் பலப்படுத்த வேண்டும், வடிகாலைத் தூர்வார வேண்டும். எதை முதலில் எடுப்பது, சாவி யாரிடம் என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நடுராத்திரியில் சாவி தேடினால் எல்லாம் போய்விடும்.

பெரியம்மா: உங்கள் ஆய்வகத்தில் எல்லாம் பத்திரம்தானே?

மலர்: எங்கள் சேமிப்பறையும் கீழ்த்தளத்தில்தான் பெரியம்மா. கீழ் அடுக்கில் 40 பெட்டி கையெழுத்துப் பிரதிகள். மேலே ஏற்ற வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இப்போதுதான் அனுமதி வந்திருக்கிறது, ஆள்தான் இல்லை.

கதிர்: ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் அக்கா. எத்தனை மணிக்கு?

சித்தப்பா: என்னையும் சேர்த்துக்கொள். கனமான பெட்டியை மட்டும் கதிர் தூக்கட்டும்.

மலர்: காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். கையுறை நான் தருகிறேன். பெட்டியைச் சாய்க்காமல் தூக்க வேண்டும், அதை வந்ததும் காட்டுகிறேன்.