மறுமொழி: நிரந்தர வன்மையா, எஞ்சு வன்மையா?

அன்பர்களே,

திங்கட்கிழமை செய்முறைத்தாள் அச்சுக்குப் போகவேண்டும், நாம் இன்னும் ஒரு சொல்லிலேயே நிற்கிறோம். களுவாஞ்சிக்குடி ரீச்சர் கேட்டது இதுதான்: வன்னீரை, அதாவது சவர்க்காரம் இலகுவில் நுரைக்காத நீரை, கொதிக்கவைத்து வடித்த பிறகும் சவர்க்காரம் நுரைக்கவில்லை, அதற்கு நிரந்தர வன்மை என்று பெயர் எழுதிக்கொடுத்தாயிற்று. மறுகா சலவைச்சோடாக் கரைசல் கொஞ்சம் விட்டதும் வெள்ளை வீழ்படிவு இறங்கி, அதே நீரில் நுரை பொங்குகிறது. "நிரந்தரம் எண்டா எப்பிடி ரீச்சர் போகும்?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

பிள்ளை சரியாகத்தான் கேட்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. கரைந்திருந்த இருகாபனேற்று சூட்டில் உடைந்து அப்படிப் படிவதால் அந்த வன்மை போய்விடுகிறது. கல்சியம், மகனீசியம் இவற்றின் சல்பேற்றும் குளோரைட்டும் கொதிப்புக்கு அசையாமல் கரைசலிலேயே கிடக்கின்றன. நிர் + அந்தரம் என்றால் இடைவெளி இல்லாதது, அதில் சூட்டின் வாடையே இல்லை. 'பேர்மனன்ற்' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் 'கடந்தும் தங்குவது' என்று சொல்கிறது, கொதிப்பைக் கடந்தும் தங்குவதுதானே இது. அதனால்தான் எஞ்சு வன்மை என்கிறேன். வினைத்தொகை, முக்காலமும் அடங்கும், சொல்லும்போதே எதில் எஞ்சியது என்று கேட்கத் தூண்டும்.

அக்கரைப்பற்று ஐயா 'மன்னு வன்மை' என்கிறார், தங்குதல் என்று பொருள்படும் இலத்தீன் 'மனேரே'யும், நிலைத்திருத்தல் என்று பொருள்படும் நம் மன்னுதலும் ஒரே வேர் என்று நீண்ட மடலும் எழுதியிருக்கிறார். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்றாகாது ஐயா. மன்னுதல் புறநானூற்றில் வாழ்கிற அருமையான சொல், ஆனால் தரம் 10 பிள்ளைக்கு மன்னு என்றதும் மன்னன்தான் வருவான். காரைதீவில் பிறந்து, விஞ்ஞானமும் கற்பித்து, 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளைத் துணைக்கு அழைக்கிறீர்கள், அடிகளார் பேரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், எனக்கும் தயக்கம்தான். இருந்தாலும் வகுப்பில் நிற்பது பிள்ளை.

கல்முனைத் தம்பி எழுதியதுதான் என்னை யோசிக்கவைத்தது. நிரந்தர நியமனம் கிடைத்தவரும் ஓய்வு பெறுகிறார், நிலையான பல்லும் வயதானால் விழுகிறது, அங்கெல்லாம் யாரும் சொல்லைக் குறை சொல்வதில்லை என்கிறார். உண்மை. ஆனால் அமைய நியமனம் எது, பாற்பல் எது என்று ஊரே அறியும், அதனால் அங்கே பொருள் பிசகாது. வன்மையில் அந்த ஒப்பீடு பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது.

சரி, பெரும்பாலானோர் பழகிய சொல்லே போதும் என்கிறீர்கள், பரீட்சையை நினைத்தால் அதுதான் பாதுகாப்பு. தாளில் நிரந்தர வன்மை என்றே போகட்டும், கீழே 'கொதித்த பின்னும் எஞ்சும் வன்மை' என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள் ரீச்சர். நம் சொற்பட்டியலில் மட்டும் என் வாக்கு எஞ்சு வன்மைக்கே.

காத்தான்குடி நண்பர் தொடங்கிய 'நிலைக்காந்தம்' என்ற சொல்லைத் தனி மடலில் பேசுவோம். இரும்பை ஏறக்குறைய 770 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சினால் அதன் காந்தமும் போய்விடும், அங்கேயும் இதே வழக்குத்தான்.