பல்சர் 150-ல் பீட் டீசல் டர்போ மாட்டினால் ஓடுமா?

திருப்பாப்புலியூர் பல்சர்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்லேருந்து எழுதுறேன். அப்பா ஓட்டின பல்சர் 150, கார்பரேட்டர் வண்டி, இப்ப என்கிட்ட இருக்கு. எஞ்சின் சிலிண்டருக்கு போர் போட்டு மூணு மாசம் ஆகுது. போன வாரம் செம்மண்டலம் பக்கம் ஒரு காயலாங்கடையில செவ்ரலே பீட் டீசல் காரோட டர்போ (வெளியே போற புகையால சுத்தி எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளற சாமான்) கிடைச்சுது. 2,200 ரூபா. ஷாஃப்ட்டைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்ல, வாங்கிட்டேன். கம்மியம்பேட்டையில நண்பன் ஆர்கான் வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். சைலன்சர் பெண்டுல டர்போ, அங்கேருந்து கார்பரேட்டருக்கு நேரா ஒரு பைப், இதான் திட்டம். பிஸ்டன் தாங்குமா? வேணாம்னா வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க, ஏன்னு சொல்லுங்க. எஞ்சின் வேலையைக் கையால கத்துக்கணும்னுதான் இறங்குறேன்.

மேட்டுப்பாளையம் லேத், புதுச்சேரி

தம்பி, பிஸ்டன் கதை அப்புறம். முதல்ல காத்துக் கணக்கைப் போடுங்க. உங்க எஞ்சின் 149 சிசி, ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் காத்து இழுக்கும். 8000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு அதிகபட்சம் 600 லிட்டர். அந்த டர்போ வந்த பீட் டீசல் 936 சிசி. 4000 ஆர்பிஎம்ல ஒரு பார் பூஸ்ட் (வெளிக்காத்து அழுத்தத்துக்கு மேல இன்னொரு மடங்கு அழுத்தம்) வச்சா கிட்டத்தட்ட 3,700 லிட்டர் குடிக்கும். உங்க சைலன்சர்லேருந்து வர்றது அதுல ஆறுல ஒரு பங்கு, அதுவும் நீங்க முழுசா முறுக்கினாத்தான். டர்பைன் சும்மா சுத்திக்கிட்டு இருக்கும், பூஸ்ட் வராது. வெளியே போற புகையை அடைச்சு, இருக்கற பவரையும் குறைக்கும்.

ஆயிலும் இடிக்கும். டர்போ பேரிங் ஆயில் படலத்து மேலதான் மிதக்குது, லட்சம் சுத்துக்கு மேல ஓடுது. பைக்ல கிளட்ச் தூளும் கியர் தூளும் அதே ஆயில்லதான். டர்போ எஞ்சினுக்குக் கீழ தொங்கினா ஆயில் தானா சம்ப்புக்கு (எஞ்சின் அடியில ஆயில் நிக்கற இடம்) திரும்பி ஏறாது, இழுக்கத் தனி பம்ப் வேணும்.

டர்போவை விட்டுட்டு சூப்பர்சார்ஜர் (கிராங்க் சுத்தி ஓட்டற ப்ளோயர்) பாருங்கன்னு சொல்வாங்க. நான் என் 346 சிசி புல்லட்ல ஐசின் ஏஎம்ஆர்300 வச்சேன். பேர்ல இருக்கறபடி ஒரு சுத்துக்கு சுமார் 300 சிசி தள்ளும். புல்லட்டுக்கு கிராங்க் ஒரு சுத்துக்கு 173 சிசி போதும். உங்களுக்கு 75-தான். 0.4 பார் வேணும்னாலும் ப்ளோயரை கிராங்க் வேகத்துல மூணுல ஒரு பங்குக்குத்தான் ஓட்டணும். அவ்வளவு மெதுவா ஓடினா ரோட்டர் இடுக்குல காத்து பின்னாலேயே கசியும். 150-க்கு அதுவே பெரிசு.

நான் படிச்ச பெரிய பாடம் வேற. ப்ளோயர்லேருந்து நேரா பைப் போட்டேன். பூஸ்ட் மீட்டர் முள்ளு நிக்கவே இல்ல, உதறிக்கிட்டே இருந்துச்சு. ஒத்த சிலிண்டர் ஒரே வாயில மொடக்குனு விழுங்கிட்டு அப்புறம் சும்மா இருக்கும். நாலு சிலிண்டர்ல ஒண்ணு விட்டா இன்னொண்ணு குடிக்கும், பைப்ல அழுத்தம் நிலையா நிக்கும். இங்க அந்த வேலையை ஒரு தொட்டிதான் செய்யணும். ஷீட்டை மடிச்சு ரெண்டரை லிட்டர்ல ஒரு பெட்டி வெல்ட் பண்ணி நடுவுல வச்சேன், எஞ்சினைப் போல ஏழு மடங்கு. முள்ளு அடங்கிடுச்சு. அமெரிக்கா எம்ஐடி ஆளுங்க ஒத்த சிலிண்டர் டீசலுக்கு டர்போ போட்டப்பவும் இந்தத் தொட்டி யோசனைதான், ஏர் கெப்பாசிட்டர்னு பேர் வச்சாங்க.

அந்த சந்தோஷத்துல காலாப்பட்டு தாண்டி ஈசிஆர்ல ஒரு நிமிஷம் முழுசா திறந்து பிடிச்சேன். பிஸ்டன் ரிங் இருக்கற வரம்பு உடைஞ்சுது. பிரிச்சுப் பார்த்தா காரணம் பெட்ரோல். கார்பரேட்டர் பூஸ்ட்டுக்குள்ள இருந்தா அதுல பெட்ரோல் நிக்கற ஃப்ளோட் கிண்ணத்துலயும் அதே அழுத்தம் இருக்கணும், அதுக்கு ஒரு ஓஸை நான் தொட்டியிலேருந்து கொடுத்திருந்தேன். அப்ப 0.3 பாரை எதிர்த்து பெட்ரோல் தானா இறங்கணும்னா டேங்க் நாலு மீட்டர் உயரத்துல இருக்கணும்! வண்டியில இருக்கறது ஒரு சாண். கிண்ணம் காலி, பெட்ரோல்-காத்து மிக்சர் வறண்டுபோச்சு, நாக்கிங் (மிக்சர் தானா வெடிச்சு அடிக்கறது), உடைஞ்சுது. பெட்ரோலைத் தள்ள ஒரு பம்ப் இல்லாம தொடவே கூடாது.

ஓ.டி. ரைடர்

அண்ணன் சொன்னதோட ஒண்ணு. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-ல அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் போடலாம். விபத்து ஆனா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பார்க்கறது இதைத்தான். அப்பா பேர்ல ஆர்சி இருந்தா அவர்தான் நிக்கணும். ரோட்டுக்கு எடுக்காதீங்க.

திருப்பாப்புலியூர் பல்சர்

ஆர்சி அப்பா பேர்லதான் இருக்கு. நல்லவேளை சொன்னீங்க. டர்போவைத் திருப்பிக் குடுக்கப் போறேன். நண்பன்கிட்ட பழைய 150 எஞ்சின் ஒண்ணு சும்மா கிடக்கு, அதை ஸ்டாண்டுல ஏத்தி சின்ன ப்ளோயர் வச்சு முயற்சி பண்ணலாமா? பூஸ்ட்ல நாக்கிங் வராம கம்ப்ரஷனை எப்படிக் குறைக்கறது?

மேட்டுப்பாளையம் லேத், புதுச்சேரி

தாராளமா பண்ணுங்க, அதுதான் சரியான இடம். போருக்கு (சிலிண்டர் பிளாக்) அடியில 1 மி.மீ. அலுமினியத் தகடு வச்சு ரெண்டு பக்கமும் பேக்கிங் போடுங்க. ஹெட் மேல போறதால டைமிங் செயின் இழுபட்டு கேம் (வால்வைத் திறக்கற தண்டு) கொஞ்சம் பின்தங்கும், அதுக்கு செயின் பல்லுல ஓட்டையை நீட்டிச் சரிபண்ணணும். சிடிஐ-யில (ஸ்பார்க் குடுக்கற பெட்டி) டைமிங்கை மாத்த முடியாது, ஸ்பார்க் நேரத்தைச் சொல்ற பிக்கப் காயில் தட்டை நகர்த்தி ஸ்பார்க்கைப் பின்னால தள்ளுங்க. பூஸ்ட் 0.3-ஐத் தாண்ட வேணாம். இப்ப வர்ற இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஆக்டேன் (நாக்கிங் தாங்கற திறன்) அதிகம், அது உங்களுக்கு நல்லது, ஆனா அதுக்கு மெயின் ஜெட் (கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஓட்டை) பெரிசு வேணும். பிக்கப் தட்டு போட்டோ எடுத்துப் போடுங்க, எவ்வளவு ராவணும்னு பார்த்துச் சொல்றேன்.